ஆத்தா சொன்னதில் பாதி

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. சாமி வந்து ஆடியவரிடம், ஆடும்போது அவர் என்ன சொன்னார் என்பதை யாரும் திருப்பிச் சொல்லக் கூடாது. சாமி மலையேறியதும் ஆள் துவண்டு விழுவார். தண்ணீர் தெளித்து, நெற்றியில் திருநீறு பூசி, யாராவது மடியில் சாய்த்துக்கொள்வார்கள். கண் திறந்ததும் "காபித்தண்ணி குடிக்கிறியா?" என்றோ, "வெயிலப் பாத்தியா, என்னமா அடிக்குது" என்றோ வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். அவராகவே கேட்டாலும், "ஆத்தா வந்தா, பேசுனா, போனா" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடைக்காது. வாக்கு, அதைக் கேட்டவர்களுக்கு உரியது. ஆடியவர் வாயை மட்டும் இரவல் கொடுத்தவர். சொன்னதெல்லாம் தன் சொல் என்று அந்த வாய் நினைத்துவிட்டால் ஒன்று தலைக்கனம் வரும், இல்லையென்றால் பயம் வரும். இதை யாரும் எனக்கு உட்கார வைத்து விளக்கவில்லை. பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டது.

எங்கள் வீட்டில் சாமி வருவது அம்மாவுக்கு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து வருகிறது. போடிக்குப் பக்கத்தில், சிலமலைக்கு மேற்கே, மேடு ஏறத் தொடங்கும் இடத்தில் எங்கள் ஆத்தா இருக்கிறாள். கோயில் என்று சொன்னால் பெரிதாகக் கற்பனை செய்துவிடுவீர்கள். ஒரு கல், மேலே தகரக் கொட்டகை, முன்னால் கொஞ்சம் இடம். அவ்வளவுதான். வைகாசியில், மலையில் மழை பிடிப்பதற்கு முன்னால், அங்கே பொங்கல் வைப்போம். ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற குடும்பங்களெல்லாம் அன்று வந்துவிடும். உச்சிப் பொழுதில் கொட்டு வேகமெடுக்கும். அம்மாவின் கால்விரல்கள் முதலில் நடுங்கும். பிறகு வருவது அம்மா இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட "நான் என்னத்தடி சொன்னேன்?" என்று அம்மா என்னிடம் கேட்டதில்லை.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்பா இறந்த வருஷம் அது. அம்மாவோடு நானும் ஜீப்பில் ஏறி மலைக்குப் போகத் தொடங்கினேன். கவலைப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவையில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பவள். ஜீப்பில் ஏறுவதற்கு முன் டயரைக் குனிந்து பார்ப்பேன். டயரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் பார்ப்பேன். ஓட்டுகிற அண்ணன், "ஆர்டிஓ அம்மா வந்தாச்சு, எல்லாரும் பேப்பரை எடுத்து வைங்கப்பா" என்பார். ஜீப்பே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த டயரைப் பார்ப்பேன்.

முப்பது வயதுக்கு மேல் தனியாகப் பத்தாவது எழுதினேன், பிறகு பன்னிரண்டாவது. இப்போது அஞ்சல் வழியில் இதழியலும் மக்கள் தொடர்பும் படிக்கிறேன். ஊடகத்தின் மேல் ஆசைப்பட்டு எடுத்த பாடமில்லை. எனக்கு வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில் வகுப்பு வைத்திருந்தது அந்த ஒரு பாடத்துக்குத்தான். அதில் இந்தப் பருவத்துக்கு ஒரு அசைன்மென்ட் கொடுத்திருக்கிறார்கள். ஊடகம், அறம், மத நம்பிக்கை மூன்றையும் பற்றி உங்கள் சொந்த அனுபவத்திலிருந்து எழுதுங்கள் என்று. பாடப்புத்தகத்தைப் பார்த்து ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

போன வருஷப் பொங்கலுக்கு எங்கள் தெருக்காரத் தம்பி ஒருவன் போனும் கையுமாக வந்தான். செல்போன் கடை வைத்திருப்பவன். கூடவே யூடியூபில் உள்ளூர்ச் செய்தி சேனல் நடத்துகிறான். சந்தை நிலவரம், பஸ் நேரம், எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் போடுவான். அந்த அளவில் நல்ல சேவைதான், நானே பார்ப்பேன். அம்மாவைப் பெரிம்மா என்பான், என்னை அக்கா என்பான். யார் வீட்டு விசேஷத்துக்கும் வந்து படம் எடுத்துக் கொடுப்பவன் என்பதால் யாரும் தடுக்கவில்லை. நான் தடுத்தேன்.

"டேய், சாமி வர்றப்ப மட்டும் எடுக்காதடா."

"அக்கா, சும்மா ஞாபகத்துக்கு. நம்ம ஆத்தாவ நாலு பேரு பாத்தா உனக்கென்ன வலிக்குதா?"

"அம்மாவக் கேட்டியா?"

"பெரிம்மாவ எதுக்குக் கேக்கணும்? வர்றது ஆத்தா. ஆத்தாகிட்டக் கேட்டுட்டேன். சூடம் கொளுத்திட்டுத்தான் கேமராவையே ஆன் பண்ணேன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இப்போது படிக்கிற புத்தகத்தில் 'ஒப்புதல்' என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. படம் எடுக்கப்படுபவரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்த நேரத்தில் அங்கே நின்றது யார், ஒப்புதல் தர வேண்டியவர் யார் என்பதற்கு அந்த அத்தியாயத்தில் பதில் இல்லை. சூடத்தைக் கொளுத்திவிட்டு அவனாகவே ஒரு பதில் எடுத்துக்கொண்டான்.

அன்று கொட்டு உச்சத்துக்குப் போய், ஆத்தா வந்தாள். மலைக்குப் போகிற பெண்கள் முன்னால் போய் முந்தானையை ஏந்தி நின்றார்கள். "மழைக்காலம் வருது ஆத்தா. எங்க சோலிக்கு மலைக்குப் போகாம முடியாது. நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்கள். ஆத்தா சொன்னது இது:

"இந்த மழைக்கு மலை எறங்கும். எறங்கட்டும். நான் குறுக்க நிக்கிறேன். எம்புள்ளைக பயப்படாம போங்க, பயப்படாம வீடு வந்து சேருங்க."

கேட்டவர்கள் அழுதார்கள். நானும் அழுதேன். என்னைப் போல எல்லாவற்றுக்கும் நடுங்குகிறவளுக்கு, யாரோ குறுக்கே நிற்கிறேன் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று பயமில்லாதவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். நான் பெரிய பக்தி உள்ளவள் இல்லை. விரதம் இருந்தால் மத்தியானமே தலை சுற்றும். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மழைக்காலம் முழுக்க ஜீப்பில் ஏறி இறங்கிவிடலாம் என்று தோன்றியது. நம்பிக்கை என்று என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

சில நாள் கழித்து அவன் சேனலில் படம் வந்தது. முதலில் இடிச் சத்தம். எங்கள் பொங்கலன்று வானத்தில் ஒரு மேகம்கூடக் கிடையாது. பிறகு எந்த ஊரிலோ மலை சரிந்து வீடுகள் புதைந்த படம். அதற்குப் பிறகு அம்மா முகம். அவிழ்ந்த தலைமுடி, சிவந்த கண். "இந்த மழைக்கு மலை எறங்கும். எறங்கட்டும்." அத்தோடு வெட்டிவிட்டான். மறுபடியும் இடி. கீழே சிவப்பு எழுத்தில், போடி மலைக்கு ஆபத்து, சாமியாடிய பெண்ணின் அதிர்ச்சி வாக்கு என்று போட்டிருந்தான்.

அதை அம்மா ஜீப்பில் வைத்துப் பார்த்தது.

மலை ஏறிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் ஒரு பிள்ளை போனை நோண்டிக்கொண்டே வந்தாள். புதிதாக வேலைக்கு வந்தவள், எங்கள் வகையறா இல்லை. வழக்கம் அவளுக்குத் தெரியாது. "ஐயோ, இது நீங்கதான பெரிம்மா?" என்று போனை அம்மா முகத்துக்கு நேராக நீட்டிவிட்டாள். நான் தட்டிவிடுவதற்குள் இடிச் சத்தம் கேட்டுவிட்டது.

அம்மா வாங்கிப் பார்த்தது. தன் முகம் என்று முதலில் தெரியவில்லை. "யாரு இது, இப்பிடிக் கத்துது?" என்றது. அம்மா மறுபடியும் பார்த்தது. கழுத்தில் கிடக்கிற மஞ்சள் பாசிமணியை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தது என்று நினைக்கிறேன். கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது.

"இது நானா?"

ஓட்டுகிற அண்ணனுக்கு நிலைமை புரியவில்லை. முன்னாலிருந்தபடியே, "ஆத்தா, இன்னைக்கு எறங்குமா நாளைக்கு எறங்குமா? சொன்னீகன்னா பாத்து டீசல் அடிப்பேன்" என்றார். வழக்கமாக அம்மாதான் அவருக்குப் பதில் கொடுக்கும், ஜீப்பே குலுங்கிச் சிரிக்கிற மாதிரி. அன்றைக்கு அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தது.

தோட்டத்தில் செடிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து காய் எடுக்கிறபோது மெல்லக் கேட்டது.

"ஏத்தா, எறங்கட்டும்னா சொன்னேன்? நம்ம சனம் அம்புட்டும் மலைக்குப் போற நேரத்துல, எறங்கட்டும்னா என் வாயில வந்துச்சு?"

மீதி என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லக் கூடாது. நான் வழக்கத்தின் மேல் பெரிய பற்றுள்ளவள் என்பதால் இல்லை. சொன்னால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். எனக்கு எப்போதும் இருக்கிற பயம்தான். "ஆத்தா வந்தா, பேசுனா, போனாம்மா" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என்னை விடவில்லை. போன் சொல்லிவிட்டது, மகள் மறைக்கிறாள். அம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. சில பெண்கள் அம்மா ஏறுகிற ஜீப்பில் ஏறத் தயங்கினார்கள். பொங்கலன்று முந்தானை ஏந்தி நின்று முழு வாக்கையும் கேட்டு அழுதவர்களே அதில் இருந்தார்கள். அவர்களும் படத்தைப் பார்த்திருந்தார்கள். திரும்பத் திரும்பப் பார்த்ததில் காதில் கேட்டது அழிந்து, போனில் கேட்டதுதான் தங்கியது. தோட்டத்து மேஸ்திரி மலையாளி. நல்ல மனுஷன்தான். அவரும் வேடிக்கையாக, "எந்தா அம்மச்சி, மல இன்னு வீழுமோ?" என்று, மலை இன்றைக்கு விழுமா என்று தன் மொழியில் கேட்பார். அம்மா காய்ச் சரத்தைக் குனிந்து தேடும். வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கை நான் ஏற்ற வேண்டியதாயிற்று. ஆத்தாவின் கல்லுக்குப் போய் மஞ்சள் பூசுவதையும் அம்மா நிறுத்திவிட்டது.

"என் மேல வந்தது ஆத்தாவா இருந்தா அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டா" என்றது ஒரு நாள். "வேற என்னமோ வந்திருக்கு. இத்தன வருசமா என்னத்துக்கு நான் வாயக் கொடுத்துக்கிட்டு இருந்தேன்னு தெரியலையே."

அம்மாவுக்கு நஷ்டமானது இதுதான். ஊர்க்காரர்கள் பேசுவதை அம்மா தூக்கிப் போட்டுவிடும். தன் மேல் வந்தது ஆத்தாதானா என்ற சந்தேகத்தைத் தூக்கிப் போட முடியவில்லை. அம்மாவுக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. சொந்தக் காடு கிடையாது, படிப்பு கிடையாது, புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். வருஷத்தில் ஒரு உச்சிப் பொழுது ஆத்தா தன்னை நம்பி வந்து இறங்குகிறாள் என்பது ஒன்றுதான் இருந்தது.

ஆடியில் மழை பிடித்தது. நாங்கள் மலைக்குப் போகிற போடிமெட்டுச் சாலையில் ஒரு வளைவில் மண் சரிந்தது. பாறை உருண்டு ரோட்டில் கிடந்தது, ஒரு நாள் வண்டி போகவில்லை. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. பெரிய மழை பெய்தால் நடக்கிறதுதான். மறுநாளே அவன் சேனலில், சாமியாடிய பெண் சொன்னது பலித்தது என்று போட்டுவிட்டான். அதே இடி, அதே முகம்.

உண்மையில் ஆத்தா சொன்னது முழுதாகப் பலித்திருந்தது. மலை இறங்கியது, எல்லோரும் வீடு வந்து சேர்ந்தோம். அந்த மீதிப் பாதிதான் யாரிடமும் இல்லையே.

அதற்குப் பிறகு வீட்டு வாசலில் ஆள் வரத் தொடங்கியது. பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், "யானைத் தொந்தரவு தாங்கலத்தா. இந்தத் தடவ எங்க தென்னைக்கு வருமா, இல்ல பக்கத்துக் காட்டோட போயிருமா? ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

கூட வந்த அவர் வீட்டம்மா அவரை இடித்து, "பக்கத்துக் காடு நம்ம தம்பி காடுய்யா" என்றது.

"அதனாலதான கேக்குறேன்" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே அடுப்படியில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "அம்மா மலைக்குப் போயிருக்கு" என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தேன். அம்மா சுவரைப் பார்த்தபடி, "மலையத் தள்ளிவிட்டவ எங்கன்னு வந்து கேக்குறாகளா?" என்றது. சிரிப்பு அத்தோடு போயிற்று.

நான் சேனல் நடத்துகிற தம்பியின் கடைக்குப் போனேன். அவன் ஒருத்தருக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தான்.

"முழுசா எடுத்தது இருக்குல்லடா? அதப் போடு. நான் குறுக்க நிக்கிறேன்னு சொன்னதப் போடு."

"அக்கா, முழுசா போட்டா யாரு பாப்பா? பயமா இருந்தாத்தான் உள்ள வருவாங்க. நல்லா இருப்பீகன்னு சொல்றத எதுக்குக் காசு கொடுத்து நெட் போட்டுப் பாக்குறான்?"

"அம்மா அடுப்படிய விட்டு வெளிய வர மாட்டேங்குதுடா."

அவன் முகம் மாறியது. கெட்டவன் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருப்பேன். "நான் பெரிம்மாவ எங்கயும் கேவலமாக் காட்டலையேக்கா. பவர்ஃபுல்லாத்தான காட்டியிருக்கேன்? நம்ம ஆத்தா பேரு எங்கெங்க போயிருக்குது தெரியுமா?" என்றான். முழுப் படத்தையும் கொடு என்று நின்றேன். போனை எடுத்துத் தேடினான். கடைசியில், "மெமரி ஃபுல்லாயிருச்சுன்னு அழிச்சுட்டேன் போலிருக்குக்கா" என்றான். வெட்டியது இருக்கிறது. வெட்டாதது இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு வகுப்பில்தான் இன்னொன்று நடந்தது. ஊடக அறம் பாடம். ஆசிரியர் மதுரையிலிருந்து ரயிலில் வருகிறவர். எங்களை மதிப்பாக நடத்துவார், வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஊடகம் மூடநம்பிக்கையைப் பரப்புவதற்கு உள்ளூர் உதாரணம் காட்டுகிறேன் என்று திரையில் ஒரு படத்தைப் போட்டார். இடி. பிறகு என் அம்மா.

பின்வரிசையில் ஒருவன், "எறங்கட்டும்னு எப்பிடி ஆர்டர் போடுது பாரு, ஹைவேஸ் இன்ஜினீயர் மாதிரி" என்றான். வகுப்பு சிரித்தது. நான் கையைத் தூக்கினேன்.

"சார், இதுல பாதிய வெட்டிட்டாங்க."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் அங்க இருந்தேன் சார்." அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. மீதியைச் சொன்னேன்.

அவர் படத்தை நிறுத்தினார். "வெட்டியது தவறுதான். ஆனால் அந்த மீதியும் அதே மூடநம்பிக்கைதானே? இன்னும் ஆபத்து. பயப்படாமல் போங்கள் என்றால், மண்சரிவு எச்சரிக்கை வந்தாலும் போய்விட மாட்டார்களா?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை என்று வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் ஒத்துக்கொண்டேன். பஸ் இறங்குவதற்குள் இன்னொன்றும் தோன்றியது. எச்சரிக்கை வந்த நாட்களிலும் ஜீப்பு கிளம்பத்தான் செய்தது. காய் பழுத்துவிட்டால் விலை போகாது என்று ஆள் கூப்பிடத்தான் செய்தார்கள். ஆத்தா சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நாங்கள் போகத்தான் போகிறோம். எப்படியும் போக வேண்டியவர்களிடம் நடுங்காமல் போங்கள் என்று ஒருத்தி சொன்னாள். சேனல் அதை வெட்டி எறிந்தது. பாடம் அதை மூடநம்பிக்கை என்று எறிந்தது. அந்தச் சொல் இருந்ததோ இல்லையோ, இரண்டு பேருக்கும் ஒரு கஷ்டமுமில்லை. பாடப்புத்தகத்தில் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று செய்திக்குள் இருக்க வேண்டியதையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செய்தியை யாருக்குச் சொல்லக் கூடாது என்று எங்கள் வகையறாவுக்குத் தெரிந்ததே, அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அன்று மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா முற்றத்தில் உட்கார்ந்து, விரலில் ஏறிய ஏலக்காய்க் கறையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வழக்கத்தை உடைத்துவிட்டேன்.

"அம்மா, அது பாதிதான். எறங்கட்டும், நான் குறுக்க நிக்கிறேன்னு சொன்ன. எம்புள்ளைக பயப்படாம போங்க, பயப்படாம வீடு வந்து சேருங்கன்னு சொன்ன. எல்லாரும் அழுதோம்."

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"போன்ல அது இல்லையே."

"அவன் வெட்டிட்டாம்மா."

"எனக்கு மனசு ஆறணும்னு சொல்ற. நீ சின்னப்புள்ளையில இருந்தே அப்பிடித்தான். உங்கப்பன் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் நல்லாயிரும்னுதான் சொன்ன."

"சத்தியமாம்மா. வேணும்னா பக்கத்து வீட்டுல கேளு. அவுகளும் நின்னாக."

அம்மா எழுந்து, ஈரக் கையோடு சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டது. பக்கத்து வீட்டு அத்தை பொங்கலன்று முந்தானை ஏந்தி நின்றவள். நான் இந்தப் பக்கத்திலிருந்து கையால், கண்ணால், என்னவெல்லாமோ ஜாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பாவம், பழக்கம். "அதெதுக்கு மதினி இப்ப? ஆத்தா வந்தா, பேசுனா, போனா" என்றாள்.

அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தது. என்னிடம் கோபமில்லை. "செருப்பக் கழத்திட்டு உள்ள போ. சோறு மூடி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னது.

பார்க்காத ஆத்தாவை வயசு முழுக்க நம்பிய அம்மா, பெற்ற மகள் காதால் கேட்டுச் சொன்னதை நம்பவில்லை. போனில் இல்லாததால் நம்பவில்லை. அம்மாவைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை. நானே பூட்டிய வீட்டைத் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள்.

இந்த வருஷம் வைகாசி வந்தது. போக மாட்டேன் என்று இருந்த அம்மா பொங்கலன்று காலையில் குளித்து மஞ்சள் பூசி வந்து நின்றது. சேலை முடிச்சைச் சரிசெய்தபடியே, "உன் போனைக் கொண்டா" என்றது. கொடுத்தேன். "இதுல முழுசாப் புடிக்குமா?"

"புடிக்கும்."

"அப்ப நீ எடு. எவனையும் எடுக்க விடாத. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் எடு. ஒண்ணையும் வெட்டாத. சாமி மலையேறுனதும் எனக்குக் காட்டு. யாரு வந்து பேசுறான்னு நானே பாத்துக்கிறேன்."

"அம்மா, அப்பிடிப் பாக்கக் கூடாது."

"பாத்தாச்சுல்ல" என்றது.

போனில் இடம் இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று வழி நெடுகப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே போனால் கொட்டகையைச் சுற்றிலும் எனக்குத் தெரியாத முகங்கள், எல்லோர் கையிலும் போன். தம்பியும் வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் தன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான். மற்றவர்கள் வைக்கவில்லை.

கொட்டு தொடங்கியது. நான் அம்மாவுக்கு நேராக நின்று எடுத்தேன். வெயில் ஏறியது. முந்தானையை ஏந்திக்கொண்டு பெண்கள் காத்து நின்றார்கள். அம்மாவின் கால்விரல்கள் நடுங்கத் தொடங்கின. நான் அழுதுவிட்டேன், போனை ஆட்டாமல். அப்போது அம்மா கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தது. எடுக்கிறேனா என்று பார்த்தது. தலையை ஆட்டினேன். அம்மா கண்ணை மூடியது. கொஞ்சம் கழித்து மறுபடியும் திறந்து பார்த்தது. விரல் நடுக்கம் நின்றுவிட்டது. கொட்டுக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். குலவை போட்டார்கள். அம்மா கண்ணை இறுக மூடும், பிறகு ஒரு ஓரமாகத் திறந்து என் போனைப் பார்க்கும். கொட்டுக்காரர் ஒருவர் கை வலித்துக் குச்சியை மாற்றிக்கொண்டார். முன்னால் நின்ற பெண்களில் ஒருத்தி முந்தானையை இறக்கி இடுப்பில் செருகினாள். பிறகு மற்றவர்களும்.

"போதும்ப்பா" என்று அம்மாவே கொட்டை நிறுத்தச் சொன்னது.

வீட்டுக்கு வந்ததும், "காட்டு" என்றது. காட்டினேன். முழுசாக இருந்தது. வெட்டவில்லை. அம்மா முதலிலிருந்து கடைசி வரை பார்த்தது. ஒரு பொம்பளை வெயிலில் நின்றுகொண்டு போனைப் பார்க்கிறாள், கண்ணை மூடுகிறாள், திரும்பவும் போனைப் பார்க்கிறாள்.

"இதுல ஒருத்தரும் வரலையே" என்றது அம்மா. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, நாளைக்கு மலைக்குப் போகிற பைகளை எடுத்து வைக்க உள்ளே போனது.